அவர் பின்னிய சடை

என் வீட்டுக்காரர் மேல் எனக்குப் பொறாமை வந்தது ஒரு சடையால். வேறொரு பெண்ணால் வந்திருந்தால் ஊரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். என் பெண்ணுக்கு என்னைவிட அவர் நன்றாகச் சடை பின்னுகிறார் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாமல் வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

எழுபதுகள் பாதி கடந்துவிட்ட சமயம். மதுரையில் காளவாசல் பக்கம் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், நடுவில் துணி காயப்போடும் முற்றம். நான் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூர் ட்ரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் போர்டில் வேலை. அவர் நூல் மில்லில் சைடர். ஓடுகிற மிஷினுக்கு முன்னால் நடந்துகொண்டே, அறுந்துபோன இழைகளை விரலால் ஒட்டிவிடுகிற வேலை. எங்களுக்கு ஒரே பெண், மூன்றாம் வகுப்பு.

அந்த மில்லைத்தான் ஒருநாள் காலையில் இழுத்துப் பூட்டினார்கள். சங்கு ஊதவில்லை, கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. டிபன் கேரியரோடு போனவர் அப்படியே டிபன் கேரியரோடு திரும்பி வந்தார். பத்து நாளில் திறந்துவிடுவார்கள் என்றார்கள். அந்தப் பத்து நாள், மழைக்காலம் வந்து போய் அடுத்த கோடையும் தொடங்கிய பிறகும் முடியவில்லை.

முதல் சில வாரங்கள் அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன். முற்றத்தில் உட்கார்ந்து, சங்கு ஊதும் நேரம் வந்தால் எழுந்து நிற்பார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியாமல் குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருவார். தூங்கும்போதுகூட வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கும், இழை ஒட்டுகிற மாதிரி. எனக்கு அப்போது அவர் மேல் பரிதாபம் இருந்தது. பரிதாபப்படுவதில் ஒரு சுகமும் இருந்தது. வீடு என் சம்பளத்தில் ஓடுகிறது, நான் தாங்குகிறேன் என்ற நினைப்பு.

பிறகு அவர் அடுப்படிக்குள் நுழைந்தார். முதல் நாள் ரசத்தில் உப்பு அள்ளிப் போட்டிருந்தார், நன்றாகச் சிரித்தேன். ஒரு மாதத்தில் அவர் அரைக்கும் கத்தரிக்காய்த் துவையலுக்கு அடுத்த வீட்டிலிருந்து கிண்ணம் வர ஆரம்பித்தது. அடுத்த வீட்டில் சௌராஷ்டிரக் குடும்பம். அந்த அக்கா எங்களிடம் தமிழில் பேசுவார், தன் பெண்களிடம் அவர்கள் பாஷையில் பேசுவார். என்னைப் பார்த்தால் தவறாமல் ஒரு வார்த்தை.

“குடுத்து வச்சவடி நீ. எங்க வீட்டு ஆளு தண்ணி மோந்து குடிக்கக்கூட என்னையத்தான் கூப்பிடுவாரு.”

நானும் சிரித்து வைப்பேன். கொடுத்து வைத்தவளின் பாடு கொடுத்து வைத்தவளுக்குத்தான் தெரியும்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காதில் ஹெட்போனை மாட்டி, வாய்க்கு நேரே ஊதுகுழல் போன்ற மைக்கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். முன்னால் இருக்கும் போர்டில் விளக்கு எரிந்தால் ஒயரைச் சொருகி, நம்பர் கேட்டு, மறுமுனை ஊரைக் கூப்பிட வேண்டும். “ஹலோ மெட்ராஸ், ஹலோ மெட்ராஸ்” என்று கத்தியே பாதி ஆயுள் போய்விடும். மழை பெய்தால் லைன் கரகரக்கும். போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரி விலை கேட்டுக் கத்துவார். விருதுநகர்க்காரர் ‘தூங்குறியாம்மா’ என்பார். நடுவில் ஒரு சாவுச் செய்தி வரும். மறுமுனையில் ஒரு பெண் அழுவதைக் கேட்டுக்கொண்டே பக்கத்து விளக்குக்கு ஒயரைச் சொருக வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று நிமிடம். முடிந்ததும் உள்ளே நுழைந்து, “மூணு நிமிஷம் ஆச்சு சார். நீட்டிக்கவா, கட் பண்ணவா?” என்று கேட்க வேண்டும், அழுகிறவளிடமும். முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் நடந்துகொண்டேயிருப்பார்.

ஆரம்பத்தில் எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. மில் பூட்டிய அந்த வருஷம்தான் என்னவோ ஆகிவிட்டது. வேலைக்குக் கிளம்பவே மனசு வராது. பஸ் வந்தால் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். வேலை முடிந்து ஹெட்போனைக் கழற்றினாலும் காதுக்குள் கூட்டம் கலையாது. திரும்பும்போது இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, ஒருவர் குரலும் கேட்காமல் நடக்கலாம் என்று பார்ப்பேன். மதுரையில் அப்படி ஒரு தெரு உண்டா? டாக்டரிடம் போனேன். காதில் கோளாறு எதுவும் இல்லை, ஓய்வு எடுங்கள் என்றார். அதை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

இப்படி நொந்து நூலாகி வீட்டு வாசலுக்கு வந்தால், அங்கே இவர் பனியனோடு முற்றத்துப் படியில் உட்கார்ந்திருப்பார். முகத்தில் ஒரு தெளிவு, மத்தியானம் ஒரு தூக்கம் போட்ட களை. அவர் முன்னால் என் பெண், முதுகைக் காட்டிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் அடுத்த வீட்டுப் பெண்கள், எதிர் வீட்டுப் பெண் எனச் சீப்பும் ரிப்பனுமாக ஒரு வரிசை.

சடை விஷயம் எப்படித் தொடங்கியது என்பதை நான் பார்க்கவில்லை. நான் காலை டூட்டிக்குப் போன ஒரு நாளில் தொடங்கியிருக்க வேண்டும். அதுவரை நான்தான் பின்னிவிடுவேன். என்னுடையது அவசரப் பின்னல். விடிந்தும் விடியாததுமாக அவளை எழுப்பி உட்காரவைத்து, சிக்கை இழுத்து, அவள் ‘ஆ’ என்றால் முதுகில் ஒன்று வைத்து, ரிப்பனைச் சுற்றிவிட்டு ஓடுவேன். பள்ளி விடுவதற்குள் பாதி அவிழ்ந்திருக்கும்.

அவர் பின்னியது அவிழவே அவிழாது. அறுந்த இழையை வலி தெரியாமல் ஒட்டிப் பழகிய விரல்கள். சிக்கு எடுப்பதே தெரியாது. மூன்று கால் பின்னலில் தொடங்கி, அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்டு அஞ்சு கால் பின்னலும் கற்றுக்கொண்டுவிட்டார். உச்சி வகிடு எடுத்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். சாயங்காலமானால் தலையைக் காட்டிக்கொண்டு காம்பவுண்டுப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். வந்தவர்கள் சும்மாவும் உட்கார மாட்டார்கள், பள்ளிக்கூடத்து வம்பையெல்லாம் அவரிடம் அவிழ்த்துவிடுவார்கள். அவர் “அப்பறம்?” என்பார். அந்த ஒரு வார்த்தைதான். அதற்கே அவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

எனக்கு அந்த ‘அப்பறம்’ மீதுதான் முதலில் பொறாமை வந்தது. நாள் முழுக்க ஊர் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்த என் வாயில் அந்தச் சொல் மிச்சமிருக்காது. ‘அம்மா’ என்று அவள் ஓடிவந்தால், கையை உயர்த்தி, ‘இரு, இரு’ என்பேன். உலகத்தையெல்லாம் இணைத்துவிடுகிறவளுக்கு வீட்டில் லைன் கிடைக்காது. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழனிப் பானையில் துள்ளி.

ஒரு சாயங்காலம் அது நடந்தது. ஐப்பசி மழை, லைனெல்லாம் கெட்டுக்கிடந்த நாள். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். அவள் வந்து என் மடியில் கையை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதை எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் வருவது தெரிந்தது, வார்த்தை ஏறவில்லை. அரைத் தூக்கத்தில் என் வாய் தானாகத் திறந்தது. போர்டில் பேசுகிற அதே இனிப்புக் குரலில் சொன்னேன்.

“மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கவா, கட் பண்ணவா?”

அவள் நிறுத்தினாள். நான் கண்ணைத் திறந்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாட்டு என்று நினைத்ததாகத் தெரியவில்லை.

“கட் பண்ணிரும்மா” என்றாள். எழுந்து அடுப்படிக்குள் அவரிடம் போனாள்.

அவர் உள்ளிருந்து சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். அதுவும் எனக்குக் கேட்டது. எழுந்து போய் அவளைத் தூக்கியிருக்கலாம். உடம்பில் தெம்பில்லை, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் ஒன்று மாறிப்போனது. நான் வாசலில் காலை வைத்ததும் அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். ‘அம்மா வந்தாச்சு’ என்று கிசுகிசுப்பாள். சடை பின்னுகிற இடத்தில் எங்கள் டைம்பீஸ் இருக்கும். அலமாரியில் இருக்க வேண்டியது அங்கே எதற்கு என்று கேட்டால், “நேரம் பாக்கத்தான்” என்பார். எடுத்து அலமாரியில் வைப்பேன். மறுநாள் மறுபடி சீப்புக்குப் பக்கத்தில் கிடக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் என் முன்னால் வந்து நிற்பாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அன்றைய சங்கதியைக் கடகடவென்று ஒப்பிப்பாள். மனப்பாடச் செய்யுளைச் சொல்கிற மாதிரி, மூச்சு வாங்கக்கூட நிறுத்த மாட்டாள். நான் “சரித்தா” என்று சொல்லி முடிப்பதற்குள் திரும்பி அவரைப் பார்ப்பாள். அவர் தலையை ஆட்டுவார். அவள் சிரித்துக்கொண்டே ஓடிவிடுவாள்.

அந்தத் தலையாட்டலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவளை அனுப்பிக் கடமைக்கு நாலு வார்த்தை சொல்லவைக்கிறார், முழுக் கதையும் சிரிப்பும் அங்கே, எனக்கு எச்சில் பருக்கை. அடுத்த வீட்டில் அவர்களுக்குள் ஒரு பாஷை இருந்ததே, அது அவர்கள் பிறந்த பாஷை. என் வீட்டில் என்னை வெளியே நிறுத்திவிட்டு அப்பனும் மகளும் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள்.

மில் திறக்க வேண்டும் என்று மீனாட்சியிடம் வேண்டிக்கொண்டேன். எல்லாரும் குடும்பக் கஷ்டம் தீர வேண்டுவார்கள். நான் வேண்டியது, இந்த மனுஷன் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும் என்பதற்காக. அம்மனுக்குத் தெரியாதா என்ன?

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். அவர் அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“எம் பிள்ளைய என்கிட்ட இருந்து பிரிச்சுட்டீங்கள்ல?”

துருவுவதை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தார். “நானா?”

“பின்ன நானா? நாள் முச்சூடும் அவகூட உக்காந்து என்னத்தப் பேசுவீங்க? நான் வந்தா மட்டும் ரெண்டு பேரு வாயிலயும் கொழுக்கட்ட.”

அவர் தேங்காய் மூடியைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டிருந்தால் எனக்குத் தோதாக இருந்திருக்கும்.

“மில்லுல ஷிப்ட் மாறுறத நீ பாத்ததில்லையே. மிஷின நிப்பாட்ட மாட்டாங்க. அடுத்தாளு வந்து பக்கத்துல நின்னு, ஓடுறபடியே கைய மாத்திக்கிருவான். அவன் வர்ற வரைக்கும் முந்தின ஷிப்ட்டுக்காரன் நகரக் கூடாது. நானும் அப்படித்தான் நின்னுக்கிட்டிருக்கேன். நீ வந்து நின்னாத்தான நான் கைய எடுக்க முடியும்?”

“நான் எங்க நிக்கிறது? ஊரு ஊராக் கூப்பிட்டுத்தான் தொண்டை செத்துப்போயி வாரேன்.”

“அதான் நானும் பாக்குறேன்” என்றார் மெதுவாக. “உனக்கு எம்புட்டு ஏலுமோ அம்புட்டு போதும்னுதான் அவகிட்டயும் சொல்லியிருக்கேன்.”

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். ‘அவகிட்டயும் சொல்லியிருக்கேன்’ என்றால், என்னைப் பற்றி என் பெண்ணிடமே பேசியிருக்கிறார். அம்மாவால் ஏலாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். இதைவிட வேறென்ன வேண்டும்?

மில் திறந்தது. முந்தின நாள் இருட்டும் நேரத்தில் ஒருவர் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார். காம்பவுண்டே வந்து கை கொடுத்தது. அவர் காக்கி டிரவுசரை எடுத்துத் துவைத்துப் போட்டார். எல்லாரையும்விட எனக்குத்தான் சந்தோஷம். இனி பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். யாரைப் பார்க்கலாம் என்பதில் சந்தேகமில்லை.

மறுநாள் எனக்கு வார லீவு. காலையில் அடுப்படியில் நின்று அவருக்குச் சாப்பாடு கட்டினேன். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அந்த டிபன் கேரியரைக் கழுவித் துடைத்தேன். முற்றத்துப் படியில் வழக்கம்போல அவர், அவர் முன்னால் அவள். ஒரு சடை முடிந்து ரிப்பன் கட்டியாகிவிட்டது. இன்னொன்று பாதியில் இருந்தது. அவள் ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தாள். பக்கத்தில் டைம்பீஸ்.

முதல் சங்கு ஊதியது. இத்தனை மாதம் ஊதாத சங்கு. அவர் விரல் நிற்கவில்லை. தலையை மட்டும் திருப்பி, அடுப்படி வாசலில் நின்ற என்னைப் பார்த்துக் கண்ணால் கூப்பிட்டார்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் மூன்று கால்களையும் பிரித்துப் பிடித்தபடி கையைச் சற்று மேலே தூக்கினார். நான் அவர் விரலுக்குக் கீழே என் விரலைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தது. அவள் தலை அசையவில்லை. அவர் ஓசைப்படாமல் எழுந்தார், அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலைத் தாண்டினார்.

அவள் நிறுத்தவேயில்லை.

“...பல்லு விழுந்துருச்சுப்பா அவளுக்கு. கிளாஸ் பூராம் தேடுறோம், பெஞ்சுக்கடியில, பைக்குள்ள. டீச்சரும் தேடுறாங்க. டீச்சரு குனியயில நாய் உள்ள வந்துருச்சு. வந்து டீச்சரு பின்னாடி நிக்குது. அவங்களுக்குத் தெரியல. நாங்க சிரிக்கவும், என்ன சிரிப்புன்னு திரும்புறாங்க, மூஞ்சிக்கு நேரா நாயி! கடைசியில பல்லு எங்க இருந்துச்சு தெரியுமா? அவ உப்புமாத் தட்டுல.”

மூச்சு வாங்கினாள். நான் பின்னிக்கொண்டிருந்தேன்.

“அம்மாட்ட நேத்தே சொல்லணும்னு இருந்தேன், வீடு பூராம் ஆளா இருந்துச்சு. இன்னைக்குச் சொல்லிரலாம்ல? ஆனா நீளமாப் போகுதுப்பா. நாயி வர்றத எடுத்துருவமா? அதான் நல்லா இருக்கு. ஆனா அத எடுத்தாத்தான் மூணு நிமிஷத்துக்குள்ள வரும். பல்லு விழுந்துச்சு, தேடுனோம், உப்புமால கெடந்துச்சு. அம்புட்டுப் போதும். அம்மாவுக்குக் காது வலிக்கும்ல?”

என் விரல் நின்றுவிட்டது.

“இப்ப எம்புட்டு ஆச்சுன்னு டைம்பீஸப் பாருப்பா.”

பார்த்தேன். முள் ஓடிக்கொண்டிருந்தது. எதுவும் தெரியவில்லை, கண் நிறைந்துபோயிருந்தது. எத்தனை நாள் இந்தப் படியில் உட்கார்ந்து, எனக்காக எது எதையெல்லாம் வெட்டியிருப்பார்கள்? அவள் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்த கதைகளிலெல்லாம் நாய் இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“அப்பா?”

அவள் கையைப் பின்னால் நீட்டித் துழாவினாள். என் வளையல் தட்டுப்பட்டது. கை அப்படியே நின்றது. திரும்பாமலே, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அம்மா, இது சாயங்காலம் சொல்றதுக்கு” என்றாள்.

கிட்டத்தட்ட முடிந்துவிட்ட சடையைப் பார்த்தேன். அவர் கை பட்ட வரை நேராக இருந்தது, என் கை பட்ட இடத்திலிருந்து கோணிக்கொண்டு போனது. ரிப்பன் கட்டவேண்டியதுதான் பாக்கி. அடி வரை அவிழ்த்துவிட்டேன்.

“சடை சரியா வரலத்தா. திரும்பப் பின்னணும்” என்றேன். “அந்த நாயி எங்கிட்டு இருந்து வந்துச்சு?”

அவள் டைம்பீஸைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் சீப்பை எடுத்தேன்.

“அப்பறம்?” என்றேன்.

அன்றைக்கு அவளுக்குப் பள்ளியில் முதல் பீரியடு போயிற்று. நாய் எந்த வாசல் வழியாக வந்தது, வால் எப்படி இருந்தது, டீச்சர் எந்த பெஞ்சில் ஏறினார் என்று ஒன்று விடாமல் கேட்டேன். அவளும் ஒன்று விடாமல் சொன்னாள். ஆனாலும் அந்தக் கதையை எனக்கு முன்னால் முழுசாகக் கேட்டவர் அவர்தான். அதற்கு முன்னால் அவள் சொன்ன எல்லாக் கதையையும் முழுசாகக் கேட்டவரும் அவர்தான். அந்தப் பொறாமை எனக்கு இன்னும் போகவில்லை.